பிறந்தநாளுக்குப் புது ஓட்ட ஷூவா? இதைக் கவனியுங்கள்

ஷூ வாங்க மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடே அளவு பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும், இல்லையென்றால் நகம் கறுத்துவிடும்.

மறுநாளே வேலூர்க் கோட்டையைச் சுற்றி நீண்ட ஓட்டம் வேண்டாம். முதலில் 3 கி.மீ. போதும், இரண்டு வாரம் பழைய ஷூவோடு மாற்றி மாற்றிப் போடுங்கள். குதிகால் வழுக்கினால், மேலே உள்ள கூடுதல் துளையில் லேஸை அதே பக்கமாக விட்டு வளையமாக்குங்கள். எதிர்ப்பக்க நுனியை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊர் மே வெயிலில் மொட்டை மாடியில் ஷூவைக் காயப்போடவே கூடாது. சூட்டில் பசை விட்டுப்போகும், ஃபோம் கெட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள்.

ஷூ நாக்கின் உட்புறம் வாங்கிய தேதியை எழுதுங்கள். பொதுவாக 500 முதல் 800 கி.மீ.தான் ஆயுள். வாரம் 15 கி.மீ. ஓடினால் ஒரு வருடத்தில் 780 ஆகிவிடும். அடிப்பாகம் தேயாமல் இருந்தாலும், முழங்காலோ கெண்டைக்காலோ புதிதாக வலித்தால் ஷூவின் வயதை முதலில் பாருங்கள்.