ஊர்ப் பழம்பொருள்: பாசத்தில் செய்யும் பிழைகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் பழம்பொருள் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது ஒரு ரூம். அதுவே முதல் தவறு. ஜூனில் தொடங்கும் மழை வடகிழக்குப் பருவம்வரை விட்டுவிட்டுப் பெய்யும். பூட்டிய அறையில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம்தான். ஆள் புழங்கி, ஜன்னல் திறக்கும் வீட்டு அலமாரி எவ்வளவோ மேல். பொருள் உரியவரிடமே இருக்கட்டும். பொதுவில் ஒரு பட்டியல் நோட்டும் நல்ல ஸ்கேனும் போதும்.

அடுத்தது லேமினேஷன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தோட்டக் குடும்பங்களின் பாஸ்போர்ட்டுகளை, 'பத்திரமா இருக்கட்டும்' என்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. உள்ளே தாள் பழுத்துக்கொண்டேதான் இருக்கும். செலோடேப்பும் அப்படித்தான்: பசை பழுப்பாகித் தாளில் இறங்கும். குண்டூசி, கிளிப் துருப்பிடிக்கும், எடுத்துவிடுங்கள். கஞ்சி போடாத, துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியில் சுற்றிவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பேர் வெட்டிய பித்தளைக் குடத்தைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்பவர்களிடம் என்ன சொல்ல! தேய்க்கத் தேய்க்கப் பேரும் போய்விடும். தோடர்களின் பூவேலைப் போர்வையான பூத்துக்குளியை ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்தால் அந்த மடிப்பிலேயே இழை அறுந்துவிடும், சுருட்டி வையுங்கள்.

போட்டோவுக்குப் பின்னால் பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மென்மையான பென்சில் போதும். ஆனால் எழுதுங்கள். யார், எந்த எஸ்டேட், சொன்னது யார் என்பது இல்லாத போட்டோ நாளைக்கு வெறும் முகம்.

ஸ்கேனை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். மண்சரிவு ஊர் இது. ஒரு பிரதி கோயம்புத்தூர் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட் எண்ணும் முகவரியும் தெரியும்படி எதையும் பொதுவில் போடாதீர்கள். சாவுச் சடங்குப் படங்களையும் பாடல் பதிவுகளையும் வீட்டார் மட்டுமல்ல, ஊர்ப் பெரியவர்களும் சரி என்ற பிறகே காட்டலாம். பிறகு அவர்கள் வேண்டாமென்றால் எடுத்துவிட வேண்டும், வாதாடக் கூடாது.

தேயிலைக்குக் குழி வெட்டும்போது பானை, பாசிமணி, வெண்கலம் கிடைத்தால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவாதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, விஏஓவிடம் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள கண்டெடுப்பைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.