விலை குறைந்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்: கட்டமைப்புத் தரத்தை வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

விலை குறைந்த ஸ்பீக்கர்களில் கம்பெனிகள் காசை மிச்சம் பிடிக்கும் இடங்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை: பலகையின் தடிமன், மூலைகளில் பசை, உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர் (ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது எனப் பிரித்து அனுப்பும் சர்க்யூட்). முன்பக்கத்தின் பளபளப்பு இவற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. அதனால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கீழே உள்ள சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

தேவையானவை: எடை மெஷின், மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பென்சில் செல் ஒன்று, இரண்டு துண்டு வயர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஊதுபத்தி, போனில் டோன் ஜெனரேட்டர் ஆப்.

படி 1: எடை போடுங்கள்

30 செ.மீ. உயரம், 18 செ.மீ. அகலம், 22 செ.மீ. ஆழம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். 15 மி.மீ. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் செய்திருந்தால் மரம் மட்டுமே சுமார் 3 கிலோ வரும். 9 மி.மீ. என்றால் 1.9 கிலோதான். இதற்கு மேல் ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய கூம்பு), ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சிறியது), கிராஸ்ஓவர் எடை சேரும். ஆக இந்த அளவுப் பெட்டி மொத்தமே 3 கிலோவுக்குக் கீழே நின்றால், "15 மி.மீ. எம்டிஎஃப்" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஒரு பெட்டிக்குள் மட்டும் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) இருக்கும் ஜோடி என்றால், ஆம்ப் இல்லாத பெட்டியை மட்டும் எடை போடுங்கள். மற்றதில் டிரான்ஸ்ஃபார்மரின் எடையும் சேர்ந்து ஏமாற்றும்.

பிறகு பக்கப் பலகையின் நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். "டொக்" என்று உடனே அடங்கினால் நல்லது. "டொம்ம்" என்று இழுத்தால் பலகை மெல்லியது, அல்லது உள்ளே குறுக்குச் சட்டம் இல்லை. இரண்டு பெட்டிகளையும் ஒரே இடத்தில் தட்டிப் பாருங்கள். சத்தம் வேறுபட்டால் ஒன்றில் பசை விட்டிருக்கலாம்.

படி 2: ஊஃபரை அமுக்கிப் பாருங்கள்

நடுவில் உள்ள மூடிக்கு இரு பக்கமும் சம தூரத்தில் விரல்களை வைத்து, கூம்பை 3 மி.மீ. அளவுக்கு மெதுவாக அமுக்கி விடுங்கள். சத்தமே வரக்கூடாது. சரசரவென்று உரசினால் வாய்ஸ் காயிலின் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்) மையம் விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்ய முயல வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். ஒரு பக்கமாக அமுக்கினால் நல்ல ஊஃபரும் உரசும் என்பதால் இரண்டு முறை செய்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ட்வீட்டர் குமிழை மட்டும் தொடாதீர்கள், நசுங்கிவிடும்.

கூம்பைச் சுற்றிய விளிம்பு ரப்பரா, ஃபோமா என்றும் பாருங்கள். ஃபோம் சில வருடங்களில் உதிரும், ஈரக்காற்று அதை இன்னும் விரைவுபடுத்தும். ரப்பர்தான் நம் ஊருக்கு ஏற்றது.

படி 3: காற்றுக் கசிவு

பலரும் விட்டுவிடும் சோதனை இது. ஆனால் பேஸ் (தாழ்ந்த ஒலி) தளர்ந்து போவதற்கு இங்கேதான் காரணம் இருக்கும். பின்பக்க போர்ட்டை (காற்றுக் குழாயின் வாயை) சுருட்டிய துணியால் இறுக்கமாக அடைத்து, முன்போலவே கூம்பை அமுக்கி விடுங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது. சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ கசிகிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க, போர்ட் அடைத்தபடியே 50 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த ஒலியில் ஓட்டி, ஊதுபத்திப் புகையை மூலைகள், ஊஃபர் விளிம்பு, டெர்மினல் தட்டு (பின்னால் வயர் இணைக்கும் இடம்) ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை நடுங்கும் இடம்தான் ஓட்டை. நெருப்பு கூம்பின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் குற்றவாளி டெர்மினல் தட்டு. அடியில் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டித் திரும்பத் திருகினால் போதும்.

படி 4: மல்டிமீட்டர்

முதலில் மீட்டர் முனைகள் இரண்டையும் ஒட்டவைத்து, வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு கழியுங்கள். ஆம்ப் இல்லாத 8 ஓம் ஸ்பீக்கர் டெர்மினலில் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 3.8 வரை. ட்வீட்டருக்கு முன்னால் கெப்பாசிட்டர் இருப்பதால் நீங்கள் அளப்பது ஊஃபரை மட்டுமே. ஜோடிக்குள் 0.3 ஓம் வித்தியாசம் பரவாயில்லை. 1 ஓம் என்றால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து செல்லின் பிளஸ்ஸைச் சிவப்பு டெர்மினலிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். இரண்டு கூம்புகளும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று முன்னும் மற்றது பின்னும் போனால் ஒரு பெட்டியில் வயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஜோடியாகக் கேட்டால் பேஸ் காணாமல் போகும்.

படி 5: டோன் ஓட்டுங்கள்

பேச்சுச் சத்த அளவில் 40 ஹெர்ட்ஸிலிருந்து 500 வரை மெதுவாக ஏற்றுங்கள். எங்காவது கிர்ரென்று அதிர்ந்தால் வலைமூடி, போர்ட் குழாய், டெர்மினல் என ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ, அதுதான் தளர்ந்திருக்கிறது. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒரே டோனைச் சத்தமாக ஓட்டாதீர்கள், ட்வீட்டர் காயில் எரியும்.

படி 6: திறந்து பாருங்கள்

வாரன்டி ஸ்டிக்கர் திருகுமேல் ஒட்டியிருந்தால் இந்தப் படியை விடுங்கள். ஆம்ப் உள்ள பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து ஊஃபர் திருகுகளைக் கழற்றுங்கள். காந்தம் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுத்துக் கூம்பைக் கிழித்துவிடும், ஆகவே மறு கையால் கூம்பை மறைத்தபடியே திருகுங்கள். எந்த வயர் பிளஸ் என்று போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். திறந்த ஓட்டையின் விளிம்பிலேயே பலகையின் உண்மையான தடிமனை அளந்துவிடலாம்.

இப்போது கிராஸ்ஓவர். ட்வீட்டர் வயரில் ஒரே ஒரு கெப்பாசிட்டர் மட்டும் தொங்கினால், அங்கே செலவைக் குறைத்திருக்கிறார்கள். டேட்டன் ஆடியோ கம்பெனியின் மிக மலிவான பி652 ஸ்பீக்கர் இப்படிப்பட்டதுதான்; அந்த விலைக்கு அதை ஏற்றுக்கொள்ளலாம், இரண்டு மூன்று மடங்கு விலையில் ஏற்க முடியாது. கெப்பாசிட்டர் மதிப்பையும் படியுங்கள். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் என்றால் ஏறக்குறைய 4,200 ஹெர்ட்ஸில் பிரிகிறது. 2.2 என்றால் 9,000 ஹெர்ட்ஸ். அதாவது குரலின் தெளிவு முழுவதையும் ஊஃபரே சுமக்கிறது, ட்வீட்டர் பெயருக்குத்தான். செம்புச் சுருள்கள் இரண்டு, ஃபிலிம் கெப்பாசிட்டர், சிமென்ட் ரெசிஸ்டர் எல்லாம் ஒரு பலகையில் அசையாமல் ஒட்டப்பட்டிருந்தால் அக்கறையோடு செய்திருக்கிறார்கள். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் வருடங்கள் போகப்போகக் காய்ந்து மதிப்பு மாறும்.

சுவர்களில் பஞ்சு, மூலைகளில் தொடர்ச்சியான பசைக்கோடு, வயர்கள் பலகையில் மோதாமல் கட்டப்பட்டிருப்பது ஆகியவற்றை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

திரும்ப மூடும்போது திருகை முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். "டக்" என்று பழைய மரையில் விழுந்ததும் வலப்பக்கம் இறுக்குங்கள், எதிரெதிர்த் திருகுகளாக, கையாலேயே. பவர் டிரைவர் வைத்தால் எம்டிஎஃப் மரை பொடிந்துவிடும். பொடிந்தால் ஃபெவிகால் தடவிய பல்குச்சியை ஓட்டையில் உடைத்து வைத்து, ஒரு நாள் காயவிட்டுத் திருகுங்கள். கடைசியில் மூன்றாம் படியின் கசிவுச் சோதனையை இன்னொரு முறை செய்துவிட்டு ஆம்ப்பில் இணையுங்கள்.