பரண்மேல் ஒளித்த நூல் கோன்

என் பையனுக்கு ஆறு வயது, ஆட்டிசம் இருக்கிறது. திருப்பூரில் பனியன் வேலை பார்க்கிற வீடு என்பதால் காலி நூல் கோனுக்கு (நூல் சுற்றி வருகிற கூம்பு) பஞ்சமில்லை. கோனைத் தரையில் படுக்கப்போட்டு ஒரு தட்டு தட்டினால் அது நேராக ஓடாமல் வட்டமடிக்கும், இவன் தரையோடு கன்னத்தை வைத்துக்கொண்டு அதையே மணிக்கணக்கில் பார்ப்பான். ஒரு வருஷம் அதைப் பரண்மேல் ஒளித்து ஒளித்து வைத்ததில் இரண்டு பேரும் அழுததுதான் மிச்சம்.

இப்போது அதே கோன்தான் அவனுக்குக் கூலி.

பிடித்ததைப் பின்னால் வைத்தால் பிடிக்காத வேலையும் நடக்கும் என்று டேவிட் பிரேமாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் எழுதினார் (எங்கள் அம்மிச்சி அதைப் படிக்காமலே "களி தின்னாத்தான் ஊஞ்சல்" என்பார்). 1990இல் வந்த ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் தின்பண்டம் கொடுத்ததைவிட, கோன் உருட்டுவது மாதிரிப் பழக்கத்துக்குக் கொஞ்ச நேரம் விட்டபோது நன்றாக வேலை செய்தார்கள், அதனால் அந்தப் பழக்கம் கூடிவிடவும் இல்லை.

முதலில் இரண்டு மூன்று நாள் சும்மா கவனியுங்கள், யாரும் எதுவும் சொல்லாதபோது குழந்தை எதைத் தேடிப் போகிறது என்று. அப்புறம் வேலையைச் சின்னதாக வெட்டுங்கள். நான் சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டுவிட்டு அடிப்பொத்தானை மட்டும், அதையும் பாதி துளைக்குள் நுழைத்து, அவனிடம் விட்டேன். கோன் கண்ணில் படுகிற இடத்தில், கைக்கு எட்டாமல். "சட்டை, அப்புறம் கோன்", அவ்வளவுதான் பேச்சு. விரல் வழுக்கியது, என் முகத்தைப் பார்த்தான், கோனைப் பார்த்தான், இழுத்துவிட்டான். அந்த நொடியே கோன் கையில். செல்போனில் ஒரு நிமிஷம் அலாரம், அடித்ததும் "குடு சாமி" என்று கை நீட்டினேன். முதல் வாரம் நன்றாகக் கத்தினான். திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு அவனே நீட்டினான்.

கத்தும்போது மட்டும் கொடுத்துவிடாதீர்கள். "அட குடுத்துப்போடு, பாவம்" என்று அப்புச்சி கொடுத்துவிடுவார், அப்போது கூலி கத்தலுக்குப் போய்விடும். காலை முழுக்க உருட்டியவனுக்குச் சாயங்காலம் கோன் பெரிதாகத் தெரியாது, அதனால் வேலைக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி வேண்டும். தலையை முட்டுவது, கையைக் கடிப்பது போன்றவற்றைக் கூலியாக வைக்கவே கூடாது, அதற்குத் தெரபிஸ்ட்டிடம்தான் போக வேண்டும்.

எல்லா உருட்டலையும் கூலிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறவனிடம் பொத்தான் கேட்க முடியுமா? அங்கே நிபந்தனை கிடையாது, கோன் என் பையிலேயே இருக்கும்.

இப்போது மூன்று பொத்தான் போடுகிறான். கழுத்துப் பொத்தான் இன்னும் என் வேலைதான்.