ஸ்டாக்ஹோமில் மூன்று நாள்: காரைக்குடியிலிருந்து கூட்டாளிகளோடு கிளம்புகிறவர்களுக்கு

ஸ்வீடன் போகிறோம் என்றதும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி, அங்கே ஒரு வேளைச் சாப்பாடு எவ்வளவு ஆகும் என்பதுதான். சரியான கேள்வி. ஸ்டாக்ஹோமில் ஒரு கடைக்குள் போய் உட்கார்ந்தால் காசு கரைந்துவிடும். ஆனால் வெளியே நடக்கிற வரைக்கும் அந்த ஊர் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. பதினான்கு தீவுகளில் பரந்து கிடக்கும் ஊர், தண்ணீர், பாலம், பாறை, பழைய தெரு எல்லாமே சும்மா பார்க்கலாம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று நாங்கள் ஐந்து பேர் போனபோது இதை மனதில் வைத்துத்தான் திட்டம் போட்டோம்: தூங்கவும் சமைக்கவும் மட்டும் உள்ளே, மற்ற நேரமெல்லாம் வெளியே.

அதற்கு ஏற்ற மாதம் ஜூன். இரவு பத்து மணிவாக்கில்தான் சூரியன் இறங்கும், அதற்குப் பிறகும் முழு இருட்டு வராது, அதனால் ஒரு நாளில் ஒன்றரை நாள் சுற்றலாம். ஜூன் 19-லிருந்து 25-க்குள் வரும் வெள்ளிக்கிழமை அவர்களுடைய மிட்சம்மர் பண்டிகை, அந்த இரண்டு மூன்று நாள் கடைகள் நிறைய மூடியிருக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். இரவில் குளிரும், ஜாக்கெட் வேண்டும்.

விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஐந்து பேரும் ஒரே நாளில் நேரம் வாங்கிப் பல்லவனில் ஏறிச் சென்னை போய்விட்டு வந்தால் அலைச்சல் ஒரு தடவையோடு முடியும்.

பணம் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். அங்கே யூரோ கிடையாது, குரோனா. நோட்டை நீட்டினால் நிறையக் கடைகளில் வாங்கவே மாட்டார்கள், எல்லாம் கார்டுதான். நாங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே போட்டு ஒரு ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிவிட்டோம், அவசரத்துக்கு இன்னொரு கார்டு வேறொருவர் பையில் இருந்தது. பள்ளத்தூர்க்காரன் ஒரு சின்ன நோட்டில் வரவு செலவு எழுதினான், தினமும் படுக்கப் போகும் முன் ஐந்து பேரும் கேட்க வாசிப்பான். நட்பு கெடாமல் ஊர் திரும்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, ஏனென்றால் மூன்றாவது நாள் "நான்தானே கொடுத்தேன்" என்ற பேச்சு வந்துவிட்டால் எந்த ஊரும் ரசிக்காது.

தங்குவதற்குச் சமையலறை உள்ள ஹாஸ்டலாகப் பாருங்கள். நிறைய இடங்களில் படுக்கை விரிப்புக்கும் துண்டுக்கும் தனிக் காசு வாங்குவார்கள், அதனால் ஆளுக்கு ஒரு விரிப்பும் தலையணை உறையும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல், தேன்குழல், சீப்புச் சீடை இவையெல்லாம் கொண்டுபோகலாம். உப்புக்கண்டமும் நெய்யும் வேண்டாம். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரத் தடை இருக்கிறது. அரிசி, முட்டை, தயிரெல்லாம் லிடில், வில்லிஸ் மாதிரி கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் முக்கியமான எச்சரிக்கை, அந்தச் சமையலறையில் வரமிளகாயைத் தாளிக்காதீர்கள். முதல் நாள் காலையில் நாங்கள் தாளித்த ஒரு கரண்டி எண்ணெயில் புகை அலாரம் அலறி, தூங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள், எங்களுக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. வீட்டிலேயே தாளித்து முடித்த பொடியும் காய்ச்சலும் போதும்.

வெளியே சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் மதியம் சாப்பிடுங்கள். வேலை நாட்களில் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் 'டாகென்ஸ் லுன்ச்' என்று பலகை வைத்திருப்பார்கள், நம்ம ஊர் மதியச் சாப்பாடு மாதிரி ஒரே விலைக்குள் சாலட், ரொட்டி, பெரும்பாலும் காபியும் சேர்ந்து வரும். அதே கடையில் ராத்திரி விலை வேறு. தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும். தப்பித் தவறி பாட்டில் வாங்கிவிட்டால் காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், விலையில் ஒரு முன்பணம் சேர்ந்திருக்கிறது. சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைப் பில்லில் கழித்துக்கொள்ளலாம்.

ஆர்லாண்டா விமானநிலையத்தில் இறங்கியதும் அதிவேக ரயிலின் பலகைதான் முதலில் கண்ணில் படும். வேகம்தான், விலையும் அப்படியே. நீங்கள் எஸ்எல் என்ற நகரப் போக்குவரத்தின் 72 மணி நேர டிக்கெட்டை எடுத்து, 583-ஆம் எண் பேருந்தில் மேர்ஸ்டா போய், அங்கிருந்து புறநகர் ரயிலில் ஊருக்குள் வாருங்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் அந்த ஒரே டிக்கெட்டில் மூன்று நாளும் மெட்ரோ, பேருந்து, டிராம் எல்லாம் ஓடிவிடும். ஸ்லுசன் துறையிலிருந்து யூர்கோர்டன் தீவுக்குப் போகும் 82-ஆம் எண் படகும் அதில் சேர்த்தி, தனியாகப் படகுச் சவாரிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மெட்ரோவையே ஒரு நாள் பாருங்கள். டி-சென்ட்ராலன் நிலையத்தில் நீல வழித்தடத்துக்கு இறங்கினால், பாறையைக் குடைந்த கரடுமுரடு அப்படியே இருக்க, வெள்ளைப் பூச்சின் மேல் நீலக் கொடிகளும் இலைகளும் கூரை வரை ஏறியிருக்கும், ஒரு பக்கம் அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளிகளின் நிழலுருவங்கள். சோல்னா சென்ட்ரம் நிலையத்தில் கூரை முழுக்கச் செக்கச்செவேல் என்றிருக்கும்.

காசு கொடுத்துப் பார்க்க ஒன்றே ஒன்று என்றால் வாசா அருங்காட்சியகம். 1628-இல் முதல் பயணத்திலேயே, சுமார் 1,300 மீட்டர் போவதற்குள் கவிழ்ந்த போர்க்கப்பல் அது, 1961-இல் மேலே எடுத்தார்கள். பால்டிக் கடலில் உப்புக் குறைவு என்பதால் மரத்தை அரிக்கும் கப்பல் புழு அங்கே வாழாது, அதனால் 333 வருடம் கழித்தும் மரம் நின்றது. பர்மா தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்து வளர்ந்த நமக்கு அந்த ஓக் மரச் சிற்பங்களின் முன்னால் நேரம் போவதே தெரியாது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சாயங்காலம் மரியாதோரியெட் நிலையத்தில் இறங்கி மொன்டேலியஸ்வேகன் என்ற மேட்டுப் பாதைக்கு நடந்து போங்கள். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை அங்கே பிரிக்கலாம். எதிரே தண்ணீருக்கு அந்தப் பக்கம் செங்கல் கோபுரத்தோடு நிற்பதுதான் நகர மண்டபம், டிசம்பர் 10-ஆம் தேதி நோபல் விருந்து நடக்கும் இடம்.

மூன்று நாளில் ஒரு நாள் ஞாயிறாக இருக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஹோடோரியெட் சதுக்கத்தில் அன்றைக்குத்தான் பழைய சாமான் சந்தை. அங்கே ஒரு மேசையில் தந்த நிறத்தில், பச்சைக் கரை போட்ட எனாமல் தூக்கு ஒன்று இருந்தது. தேவகோட்டை நண்பன் கையில் எடுத்துத் திருப்பினான், அடியில் கொக்கும்ஸ் என்ற ஸ்வீடன் எனாமல் பாத்திரக் கம்பெனியின் முத்திரை. அவன் வீட்டு இரண்டாம் கட்டில் அதே முத்திரையோடு ஒரு வரிசையே அடுக்கியிருக்கிறது, முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் பார்த்திருப்பீர்கள். வாங்குவதானால் உள்பக்கம் எனாமல் பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், பெட்டியில் வைக்கும்போது உள்ளே சாக்ஸைத் திணித்து வேட்டியில் சுற்றிவிடுங்கள். எங்களுடையது ஒரு சில்லுக்கூடப் பெயராமல் காரைக்குடி வந்து சேர்ந்தது.