பலகாரக் கடைக்கு வெப்பேஜ்: ஹேன்போன்ல ஒடையாம கட்டம் போடுறது எப்படி

தீபாவளி நெருங்குனா நம்ம மலேசியா சுங்கை சிப்புட்ல பாதி வீட்டு அடுப்படில முறுக்கு ஓடும், ஆர்டரும் வாட்சப்லயே வந்துரும், ஆனா என்னென்ன இருக்கு என்ன வெலன்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி மாளாது. ஒரு பக்கம் போட்டு லிங்க்க அனுப்பிட்டா தீர்ந்துச்சு. பிரச்சன என்னன்னா அந்த லிங்க்க எஸ்டேட்ல இருக்கற அக்கா சின்ன ஹேன்போன்ல தொறப்பாங்க, ஈப்போல ஆபிஸ்ல இருக்கற அவங்க மகன் லேப்டாப்ல தொறப்பான், ரெண்டுலயும் ஒழுங்கா தெரியணும். அதுக்குதான் கிரிட், அதாவது ஸ்கிரீனுக்கு ஏத்த மாதிரி தானா மாறுற கட்டம். நாம பூட்ஸ்ட்ராப் 5 எடுத்துக்குவோம், பூட்ஸ்ட்ராப்ங்கறது ரெடிமேட் ஸ்டைலுங்களோட தொகுப்பு, அதோட மொத வெர்ஷன 2011ல ட்விட்டர்ல வேல பாத்த ரெண்டு பேர் வெளியிட்டாங்க, இன்னிக்கும் புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இதுதான் சுலபம்னு நான் சொல்லுவேன்.

எச்டிஎம்எல் ஃபைல் ஒண்ணு தொறந்து சேவ் பண்ணத் தெரிஞ்சா போதும். கிளாஸ், அதாவது ஒரு டேக்குக்கு எந்த ஸ்டைல்னு சொல்ற பேரு, எல்லாத்தையும் இங்க வாயால சொல்ற மாதிரி எழுதியிருக்கேன், நீங்க எடிட்டர்ல இங்கிலீஷ் சின்ன எழுத்துல, நடுவுல இருக்கற கோட்டோட சேத்து அடிங்க.

ஸ்டெப் 1: ஹெட்ல ரெண்டு வரி

ஒண்ணு, பூட்ஸ்ட்ராப்போட சிஎஸ்எஸ் (ஸ்டைல் ஃபைல்) லிங்க், அவங்க சைட்லயே காப்பி பண்ணிக்கலாம். கிரிட்டுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தேவையே இல்ல, அத விட்டுருங்க.

ரெண்டாவது வியூபோர்ட் மெட்டா டேக். இத யாரும் மதிக்கறதில்ல, ஆனா மொத்த வேலையும் இதுலதான் நிக்குது. டேக்கோட நேம்ல வியூபோர்ட், கன்டென்ட்ல விட்த் ஈக்குவல் டிவைஸ்-விட்த், கமா, இனிஷியல்-ஸ்கேல் ஈக்குவல் 1. இது இல்லன்னா ஹேன்போன் தன்னோட ஸ்கிரீன் சுமார் 980 பிக்சல் அகலம்னு வச்சுக்கிட்டு பக்கத்த அப்படியே போட்டு சுருக்கிக் காட்டும், நீங்க கீழ எவ்வளவு அழகா கட்டம் பிரிச்சாலும் லேப்டாப் லேஅவுட்தான் எறும்பு சைஸ்ல வரும், எங்க தப்புன்னு கட்டத்தையே மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருப்பீங்க.

ஸ்டெப் 2: மூணு அடுக்கு

வெளிய ஒரு டிவ் (சாமான் வைக்கற பெட்டி மாதிரி ஒரு டேக்), கிளாஸ் கன்டெய்னர். அதுக்குள்ள ஒரு டிவ், கிளாஸ் ரோ. அதுக்குள்ளதான் கோல் (காலம்ங்கறதோட சுருக்கம், சி-ஓ-எல்) டிவ்வுங்க. ரோன்னா நம்ம தோட்டத்து நெரை மாதிரி, கோலுங்க அதுல நிக்கற மரம். சாமான் எதையும் நேரா ரோவுல போடக் கூடாது, கோலுக்குள்ளதான் போடணும்.

கன்டெய்னர் எதுக்கு, ரோ மட்டும் போட்டா ஆகாதான்னு கேப்பீங்க. ஆகாது. ரெண்டு கோலுக்கு நடுவுல 24 பிக்சல் இடைவெளி வரும், அது ஒவ்வொரு கோலுக்கும் பக்கத்துக்கு 12ன்னு பிரியுது, ஓரத்துல இருக்கற அந்த 12ஐ சரிக்கட்ட ரோ ரெண்டு பக்கமும் 12 பிக்சல் வெளிய நீளும், அந்த நீட்டத்த கன்டெய்னரோட 12 பிக்சல் பேடிங் (உள் ஓர இடைவெளி) வாங்கிக்கும். கன்டெய்னர் இல்லன்னா ரோ ஸ்கிரீன தாண்டிப் போயி பக்கம் சைடுல ஆட ஆரம்பிச்சுரும்.

ஸ்டெப் 3: 12ஐ பிரிக்கிறது

ஒரு ரோவுக்கு 12 பங்கு. 2, 3, 4, 6 எல்லாத்தாலயும் மீதி இல்லாம வகுபடும், அதான் 12. கோல்-6னா பாதி, கோல்-4னா மூணுல ஒண்ணு. கூட்டுனா 12 தாண்டுச்சுன்னா மிச்சம் தானா அடுத்த வரிக்கு எறங்கிரும், அது எரர் இல்ல, அதத்தான் நாம பயன்படுத்தப் போறோம்.

இப்ப முக்கியமான எடம். கோல்-எம்டி-4 மாதிரி பேருல நடுவுல வர்ற எழுத்து, எந்த ஸ்கிரீன் அகலத்துலேர்ந்துன்னு சொல்லுது: எஸ்எம் 576 பிக்சல், எம்டி 768, எல்ஜி 992, எக்ஸ்எல் 1200, எக்ஸ்எக்ஸ்எல் 1400. எம்டின்னா டேப்லெட்டுக்கு மட்டும்னு முக்காவாசி பேர் நெனைக்கறாங்க, அப்படி இல்ல, 768லேர்ந்து அதுக்கு மேல எல்லாத்துக்கும்னு அர்த்தம், இன்னும் பெரிய ஸ்கிரீனுக்குன்னு வேற எதும் சொல்லாத வரைக்கும் அதுவேதான் ஓடும். எழுத்தே இல்லாம கோல்-6ன்னு போட்டா சின்ன ஹேன்போன்லேர்ந்தே ஆரம்பிக்கும். அதனால எப்பவும் ஹேன்போன மனசுல வச்சு மொதல்ல எழுதுங்க, பெரிய ஸ்கிரீனுக்கு அப்புறமா சேருங்க, தலைகீழா பண்ணா குழப்பம்தான்.

நம்மகிட்ட ஆறு பலகாரம்: முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, ஓமப்பொடி, பக்கோடா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிவ், கிளாஸ் இப்படி:

கோல்-6 கோல்-எம்டி-4

அவ்ளோதான். ஹேன்போன்ல ரெண்டு ரெண்டா மூணு வரி, 768லேர்ந்து மூணு மூணா ரெண்டு வரி. லேப்டாப்ல ஆறும் ஒரே வரில வரட்டுமேன்னு கோல்-எல்ஜி-2 சேக்கத் தோணும், வேணாம். 992ல கன்டெய்னர் 960 பிக்சல்தான், ஆறா பிரிச்சா 160, இடைவெளி போக 136, அதுக்குள்ள படம், பேரு, ரிங்கிட் வெல எல்லாம் நெருக்கியடிச்சு நிக்கும். மூணே நல்லாருக்கு.

ஸ்டெப் 4: உள்ள இருக்கறது

கோலுக்குள்ள ஒரு டிவ், கிளாஸ் கார்ட், கூடவே எச்-100, அதுக்குள்ள எழுத்துக்கு ஒரு டிவ், கிளாஸ் கார்ட்-பாடி. அந்த எச்-100 இருந்தாதான் பேரு ரெண்டு வரி போற கார்டும் ஒரு வரி கார்டும் ஒரே ஒயரத்துல நிக்கும். படத்துக்கு ஐஎம்ஜி-ஃப்ளூயிட், இல்லன்னா ஹேன்போன்ல எடுத்த பெரிய ஃபோட்டோ கோல ஒடச்சுக்கிட்டு வெளிய வரும்.

நம்ம மொழிக்குன்னே ஒரு தொல்ல இருக்கு. 360 பிக்சல் ஹேன்போன்ல ஒரு கோல் 180, இடைவெளி போக 156, கார்ட்-பாடியோட பேடிங்கும் ஓரக்கோடும் போனா எழுத்துக்கு கெடைக்கறது 122தான், தமிழ்ல நீள வார்த்த ஒண்ணு வந்தா கார்ட விட்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். டெக்ஸ்ட்-பிரேக் கிளாஸ் போட்டா மடிஞ்சுரும், ஆனா மடியற எடம் அழகா இருக்காது, பேர சுருக்கி வைக்கறதுதான் என்னக் கேட்டா நல்லது.

அப்புறம் மேல் வரியும் கீழ் வரியும் ஒட்டிக்கிட்டு இருக்கும், ஏன்னா சும்மா விட்டா இடைவெளி பக்கவாட்டுல மட்டும்தான். ரோவோட சேத்து ஜி-3 போடுங்க, பக்கவாட்டுலயும் மேல் கீழயும் கார்டுக்கு நடுவுல 16 பிக்சல் கெடைக்கும். ஜி-5 வரைக்கும் போனா இடைவெளி 48, ரோ பக்கத்துக்கு 24 வெளிய நீளும், கன்டெய்னர் பேடிங் 12தானே, மறுபடி பக்கம் ஆடும். வேணும்னா கன்டெய்னருக்கு பிஎக்ஸ்-4 குடுங்க.

ஸ்டெப் 5: சோதிக்கிறது

குரோம்ல எஃப்12 அழுத்தி கன்ட்ரோல் ஷிஃப்ட் எம். அகலத்த 360, 767, 768ன்னு வச்சு பாருங்க, 767ல ரெண்டும் 768ல மூணும் வந்தா சரி. அதோட நிறுத்தாம நெஜ ஹேன்போன்லயும் தொறங்க, அதுவும் தோட்டத்துப் பக்கம் லைன் கம்மியா இருக்கற எடத்துல, படம் ஒவ்வொண்ணும் எத்தன எம்பின்னு அப்பதான் ஒறைக்கும்.

ஓமப்பொடி தீந்துபோச்சுன்னா அந்த ஒரு கோல் டிவ்வ மட்டும் தூக்குங்க, மிச்சம் அஞ்சும் தானா நகந்து உக்காரும். கடைசி வரில ஒண்ணு எடதுபக்கம் ஒதுங்கி நின்னா ரோவுல ஜஸ்டிஃபை-கன்டென்ட்-சென்டர் சேத்துருங்க, நடுவுக்கு வந்துரும்.