கதை சொல்வதற்கு முன் கிற்றாரைக் கழற்றிப் பாருங்கள்

"இது 68ஆம் ஆண்டு ஃபெண்டர், கப்பலில் வேலை செய்த மாமா கொண்டுவந்தது." கொழும்பில் பழைய எலெக்ட்ரிக் கிற்றார் இருக்கும் வீடுகளில் இப்படி ஒரு வரி கேட்கலாம். ஃபெண்டர் என்பது அமெரிக்கக் கிற்றார் நிறுவனம். மாமா உண்மை, கப்பலும் உண்மை. வழுக்குவது பெரும்பாலும் அந்த 68தான். கதையைப் பத்துப் பேருக்குச் சொல்வதற்கு முன், கிற்றார் தனக்குள் எழுதி வைத்திருப்பதை வாசித்துவிடுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். எந்த வயரையும் வெட்டப் போவதில்லை, எந்த சோல்டரையும் உருக்கப் போவதில்லை.

தேவையானவை: 1ஆம், 2ஆம் இலக்க நட்சத்திர ஸ்க்ரூட்ரைவர், மல்டிமீற்றர், காப்போ (ஸ்ட்ரிங்குகளை நெக்கோடு அழுத்திப் பிடிக்கும் கிளிப்), பழைய பருத்தித் துணி, திருகாணிகளைப் பிரித்து வைக்க ஒரு முட்டை அட்டை, போன் கமரா, ரூபாய் நோட்டுப் பார்க்கும் புறஊதா டோர்ச். கடைசியில் சொன்னது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடினால் கிடைக்கும். 365 நானோமீற்றர் என்று கேட்டு வாங்குங்கள். மலிவான 395 வகை எல்லாவற்றையும் ஊதாவாக்கிவிடும், ஒன்றும் பிரித்தறிய முடியாது. ஜப்பான் கிற்றார் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். அதன் திருகாணித் தலை நட்சத்திரம் போலத் தெரிந்தாலும் ஜே.ஐ.எஸ் என்ற ஜப்பான் தர அளவில் வெட்டப்பட்டது. சாதாரண ஃபிலிப்ஸ் அதில் முழுதாக இறங்காது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும்.

தொடுவதற்கு முன் படமெடுங்கள். முன், பின், ஹெட்ஸ்டொக்கின் (தலைப்பகுதி) இரு பக்கங்கள், பிரிட்ஜ் (உடலில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பகுதி), நெக் பிளேட் (நெக் உடலில் பூட்டும் இடத்துப் பின்பக்க உலோகத் தகடு), ஒவ்வொரு கீறல், பெட்டியின் உட்புறம். துடைக்க வேண்டாம். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், இசைக்குழுவின் பெயர், பேனாக் கிறுக்கல் எல்லாமே சாட்சி. புறஊதா வெளிச்சத்தை அறையை இருட்டாக்கிவிட்டு அடியுங்கள். பழைய நைட்ரோ லாக்கர் பூச்சு பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பிறகு தொட்டுப் பூசிய இடம் திட்டாக வேறு நிறத்தில் தெரியும். 60களின் கடைசியிலிருந்து ஃபெண்டர் தடித்த பொலியெஸ்டருக்கு மாறியது. அந்தக் கிற்றார்கள் இப்படி ஒளிரவில்லை என்பதற்காக மறுபூச்சு என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது நெக். போல்ட் போட்ட நெக்கை மட்டும்தான் கழற்றலாம். கிப்சன் நிறுவனத்தின் 'லெஸ் போல்' கிற்றாரில் உள்ளது போன்ற ஒட்டிய நெக்கில் கை வைக்க வேண்டாம். ஸ்ட்ரிங்குகளை நன்றாகத் தளர்த்தி, முதல் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) காப்போவைப் போட்டால் அவை சிக்காமல் வரிசையில் நிற்கும். நான்கு திருகாணிகளையும் குறுக்குக் குறுக்காக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்க வீடுகளில் இருந்த கிற்றார் என்றால் உப்புக்காற்றில் திருகாணி மரத்தோடு இறுகியிருக்கும். பலத்தைப் போட்டால் தலை முறியும். சூடான சோல்டர் அயனின் நுனியை அதன் தலையில் ஒரு நிமிடம் வைத்து, ஆறவிட்டு, மீண்டும் முயலுங்கள். துருநீக்கி ஸ்பிரே அடிக்கவே கூடாது, எண்ணெய் மரத்துக்குள் ஊறிவிடும். நெக் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இடுக்கில் ஸ்க்ரூட்ரைவர் கொடுத்து நெம்பாதீர்கள். ஓரத்து லாக்கர் பெயர்ந்தால் திரும்ப வராது. உள்ளே தீப்பெட்டி அட்டைத் துண்டு, காகித மடிப்பு ஏதாவது இருக்கலாம். குப்பையென்று எறியாதீர்கள், நெக்கின் சாய்வை அமைப்பது அதுதான். எடுத்த பக்கத்திலேயே திரும்ப வையுங்கள்.

நெக் அடியில் முத்திரை இருந்தால் அதில் மாதமும் ஆண்டும் இருக்கும். 60களின் ஃபெண்டரில் ஆண்டுக்குப் பின்னால் வரும் பி என்ற எழுத்தைப் பலர் நெக்கின் பருமன் என்கிறார்கள். அது நட்டின் (நெக்கின் மேல்முனையில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் துண்டு) அகலம், 1 5/8 அங்குலம். இந்தத் திகதி நெக் செய்த திகதி மட்டுமே. கிற்றார் முழுமையானது அதற்குச் சில மாதங்கள் கழித்தாக இருக்கலாம்.

தொடர் இலக்கத்தை எல்லோரும் முதலில் பார்ப்பார்கள், நாம் பிறகு பார்ப்போம். 1976 வரை ஃபெண்டர் இலக்கம் நெக் பிளேட்டில் இருந்தது. பிளேட்டுகள் பெட்டியிலிருந்து கைக்கு வந்தபடி பூட்டப்பட்டதால் ஓரிரு ஆண்டு முன்பின் ஆகும். நான்கு திருகாணிகளில் எவரும் பிளேட்டை மாற்றலாம் என்பதும் இருக்கிறது. பிளேட்டில் பெரிய எஃப் எழுத்து இருந்தால், 1965 ஜனவரியில் சி.பி.எஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்கியதற்குப் பிந்திய காலத்துக்குரியது. 1976க்குப் பிறகு இலக்கம் ஹெட்ஸ்டொக்குக்கு வந்தது: எஸ் 70கள், இ 80கள், என் 90கள். 1977க்குப் பின்னான கிப்சனின் எட்டு இலக்கங்களில் முதலாவதும் ஐந்தாவதும் ஆண்டு, இடையில் உள்ள மூன்றும் ஆண்டின் நாள். 81232045 என்றால் 1982இன் 123ஆம் நாள், மே 3. கடைசி மூன்று இலக்கம் 500க்குக் கீழ் என்பதால் கிப்சனின் கலமசூ தொழிற்சாலை. 1975 முதல் 1986 வரையான ஜப்பான் இபனெஸ் கிற்றார்களில் ஏ முதல் எல் வரையான எழுத்து மாதத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் காட்டும். எச் 78 என்றால் 1978 ஓகஸ்ட்.

இனி பிக்கார்டைத் (உடலின் முன்பக்கத் தகடு) திறந்து வொலியூம், டோன் பொட்களின் (குமிழ்களுக்கு அடியில் உள்ள மாறுதடைகள்) முதுகைப் பாருங்கள். அமெரிக்கப் பொட்களில் ஆறேழு இலக்கம் குத்தியிருக்கும். முதல் மூன்று செய்தவர்: 137 சி.டி.எஸ், 304 ஸ்டக்போல். கடைசி இரண்டு வாரம், அதற்கு முன்னால் ஆண்டு. 1376612 என்றால் சி.டி.எஸ், 1966இன் 12ஆம் வாரம். இது சொல்வதெல்லாம், கிற்றார் இந்தத் திகதிக்கு முன்னால் முடிந்திருக்க முடியாது என்பதை மட்டும். சி.பி.எஸ் காலத்தில் 1966 பொட்கள் பெருமளவில் வாங்கிக் குவிக்கப்பட்டன. அவை பல ஆண்டுகள் கழித்துச் செய்த கிற்றார்களிலும் இருக்கின்றன. நம் '68' கதைக்கு இது சாதகமும் அல்ல, பாதகமும் அல்ல. ஜப்பான் பொட்களில் இந்த முறை பொதுவாகச் செல்லாது. இலக்கத்தை விட சோல்டர் பேசும். பழையது மங்கிய சாம்பல் நிறம், சீரான சிறு குமிழ். பின்னால் கை வைத்த இடம் பளபளக்கும், கட்டியாக நிற்கும், அருகில் ஃப்ளக்ஸ் (சோல்டர் ஒட்ட உதவும் பசை) கருகிய கறை இருக்கும்.

பிக்கப்பை (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) அளக்க எதையும் பிரிக்க வேண்டாம். கேபிளைச் செருகி, வொலியூமை முழுதாகத் திறந்து, சுவிட்சை ஒரே பிக்கப்பில் வைத்து, மறுமுனை ஜாக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையில் கிலோ ஓம் அளவைப் பாருங்கள். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் ஏறத்தாழ 5.5 முதல் 6.5, பழைய கிப்சன் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) 7.5 முதல் 8.5. அளவோடு அறை வெப்பநிலையையும் எழுதுங்கள். செப்புக் கம்பியின் தடை பாகைக்கு 0.39 சதவீதம் ஏறும். 20 பாகையில் 6.00 காட்டிய பிக்கப் கொழும்பின் 31 பாகையில் 6.26. அதற்குச் சமாந்தரமாக 250 கிலோ ஓம் பொட் இருப்பதால் மீற்றரில் 6.11 தெரியும். தசமத்தை வைத்து "ஒரிஜினல் இல்லை" என்று சண்டை பிடிப்பவர்கள் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் முதலில் ஜாக்கையும் சுவிட்சையும் சந்தேகியுங்கள். பிறகுதான் 0.06 மில்லிமீற்றர் அளவான சுருள் கம்பி அரித்து அறுந்ததா என்று யோசிக்கலாம். அறுந்தாலும் பிக்கப்பை எறியாதீர்கள், காந்தம் இருந்தால் மீண்டும் சுற்றலாம்.

பூட்டும்போது ஒவ்வொரு திருகாணியையும் முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள். பழைய புரியில் 'டக்' என்று விழும். பிறகு இறுக்குங்கள். இல்லாவிட்டால் மரத்தில் புதுப் புரி வெட்டிக்கொண்டு போகும்.

இனி மனிதர்கள். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் முழு எண்ணாகத்தான் பதில் வரும். இடத்தைக் கேளுங்கள்: "அங்கிள், அது கைக்கு வரேக்க நீங்கள் எந்த வீட்டில இருந்தனீங்கள்?" எந்தக் குழுவில் வாசித்தார், எந்த அம்பிளிபயர், யார் டிரம்ஸ் என்று போங்கள். ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கிய 1982க்கு முன்னாலா பின்னாலா என்பது பலருக்கு நினைவிருக்கும். 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. அந்த ஆண்டுகளில் கொழும்புக் கடையில் புத்தம் புதிதாக வாங்கியது என்றால் மரியாதையாக இன்னொரு முறை கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லை என்பதை வைத்து மட்டும் ஐயப்பட வேண்டாம். 1983 ஜூலையில் எத்தனையோ தமிழ் வீடுகளில் காகிதம், படம் எல்லாம் எரிந்துபோயின. அப்படியான குடும்பங்களின் மேடைப் படங்கள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ உறவினரின் அல்பத்தில் இருக்கலாம். அவற்றில் ஆளைப் பார்க்காமல் மர ரேகையையும், கீறலையும், பிக்கார்ட் திருகாணிகளின் இடத்தையும் உங்கள் கிற்றாரோடு ஒப்பிடுங்கள்.

எழுதும்போது மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: கண்ணால் கண்டது, காகிதத்தில் உள்ளது, கேட்டது. கேட்டதன் பக்கத்தில் யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதும் வேண்டும். "நெக் முத்திரை 1971 ஏப்ரல். பொட் 1966. மாமா 68 என்கிறார்." மூன்றும் ஒன்றையொன்று மறுத்தாலும் அப்படியே விடுங்கள். மாமா 68இல் வாங்கிய கிற்றாருக்குப் பிறகு வேறு நெக் ஏறியிருக்கவும் கூடும். ஹெட்ஸ்டொக்கில் பழைய துளைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா, உடலில் நெக் அமரும் பள்ளத்தில் இடைவெளி அதிகமா என்று திரும்பிப் போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ஃபிங்கர்போர்டின் மரத்தையும் குறியுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) முதலாம் பட்டியலில் இருக்கிறது, அனுமதிப் பத்திரமின்றி எல்லை தாண்டாது. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்தது. கொழும்பில் நடக்கவிருந்து, உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாறிய அதே மாநாட்டில்தான்.

தாளைப் பென்சிலால் எழுதுங்கள். நம் ஊர் ஈரத்தில் இங்க்ஜெட் மை பரவும், பேனா மை லாக்கரில் பதியும். ஒரு பிரதி பெட்டியின் உட்பையில், கிற்றாரில் படாமல், 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு. மற்றப் பிரதி வேறொரு வீட்டில்.