சூடானா இளகுற திரவத்துக்கு ஹீட் டிரான்ஸ்ஃபர் கணக்கு போடுறது எப்படி?

பைப்புல ஓடுற கிளிசரினை சூடு பண்ணணும்னா விஸ்காசிட்டிக்கு, அதாவது திரவத்தோட கெட்டித்தன்மைக்கு, ஒரே நம்பரை வச்சு ஓட்டாதீங்க, 20 டிகிரில சுமார் 1400 சென்டிபாய்ஸ் (விஸ்காசிட்டியோட அளவு) இருக்கறது 60 டிகிரில 80 பக்கம் இறங்கிடும், உறைஞ்ச தேனை வெந்நீர்ல வச்ச மாதிரி. முதல்ல திரவத்தோட சராசரி சூட்டுக்கு ஒரு விஸ்காசிட்டி, பைப் சுவரோட சூட்டுக்கு இன்னொண்ணு எடுங்க. முன்னதை பின்னதால வகுத்து 0.14 அடுக்கு போடுங்க, 1936ல சீடரும் டேட்டும் கொடுத்த திருத்தம் இது. நம்ம கேஸ்ல திரவம் 20 டிகிரி, சுவர் 60 டிகிரின்னு வச்சா 1400/80, அதாவது 17.5, அடுக்கு போட்டா 1.49, இதால நஸ்ஸெல்ட் நம்பரை, அதாவது சுவருக்கும் ஓடுற திரவத்துக்கும் நடுவுல சூடு எவ்வளவு நல்லா கடக்குதுன்னு காட்டுற எண்ணை, பெருக்கணும். குளிர வைக்கிறப்போ தலைகீழா 0.67தான் வரும், இங்கதான் நான் ரொம்ப நாள் கோட்டை விட்டேன். சுவர் சூடு தெரியலையா, குத்துமதிப்பா ஒண்ணு வைங்க, கணக்குல வர்ற சுவர் சூட்டை திரும்ப உள்ள போடுங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு சுத்துல நின்னுடும்.